விருந்துக்கு அழைத்தவனுக்குச் சோறு கொண்டுவந்தவர்கள்

2024 டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். மற்ற ஞாயிறுகளில் 5.40. காபி குடித்து முடித்தபோது 5.15. பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, முந்தைய நாள் மாலை தூறியிருந்தது. ஐந்தரைக்குச் சமையலறை விளக்கைப் போட்டு, பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். ஆறு மணிக்குத் தேங்காய் துருவுதல். ஏழுக்கு மசாலா அரைத்தல். ஒன்பதரைக்கு பீன்ஸ் நறுக்குதல். பத்தே காலுக்குப் பாயசத்துக்குப் பாசிப்பருப்பு வறுத்தல். பதினொன்றுக்குக் குழம்பு, பதினொன்றே முக்காலுக்கு ரசம், பன்னிரண்டுக்குச் சாதம், 12.20க்கு அப்பளம். 12.30க்கு விருந்தினர் வருகை. ஒவ்வொன்றின் எதிரிலும் டிக் போட இடம் விட்டிருந்தேன். சாதம் வரை டிக் இருக்கிறது. அப்பளத்துக்கு இல்லை.

ஏன் இல்லை என்பதை அன்று மாலையே மூன்று பக்கம் எழுதினேன். அவ்வளவு எழுதியும் ஆறவில்லை. அதனால் இங்கே முதலிலிருந்து, நிதானமாக எழுதுகிறேன்.

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெங்களூர் ஆடுகோடியில், அளவுக்கருவிகளைச் சரிபார்த்துச் சான்று கொடுக்கும் ஒரு பட்டறையில் இருபத்தாறு வருடமாக வேலை. காக்ஸ் டவுனில் நான்கே வீடுகள் உள்ள கட்டடத்தில் முதல் மாடியில் குடியிருக்கிறேன். இங்கே வந்த பன்னிரண்டு வருடமாக எனக்கு நானே சமைத்துக்கொள்கிறேன்.

கல்யாணமாகாத ஆணை எல்லோரும் சாப்பிடக் கூப்பிடுவார்கள். அவன் திரும்பக் கூப்பிடுவான் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இது சலுகை மாதிரி தெரியும். இருபது வருடம், முப்பது வருடம் அந்தச் சலுகையில் இருந்து பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். எத்தனை வீடுகளில் எத்தனை இலைகளில் சாப்பிட்டிருக்கிறேன்! போன இடத்துக்கெல்லாம் ஆப்பிளோ ஆரஞ்சோ, டிசம்பர் மாதமானால் பேக்கரியில் பிளம் கேக்கோ வாங்கிக்கொண்டு போவேன். கையில் செய்ததை எடுத்துப்போனது ஒரே ஒரு முறை. தேங்காய் பர்பி. வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா இருக்கே, எந்தக் கடை சார்?" என்று கேட்டார்கள். நான்தான் செய்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "பக்கத்துலதான்" என்றேன். அது என் தவறு. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அன்றைய விருந்துக்கு நான் அழைத்தது இரண்டு குடும்பங்களை. நான்கே பேர். ஒன்று, எதிர் வீட்டு அக்காவும் அவர் கணவரும். அக்காவுக்கு அறுபத்து நான்கு வயது, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக பெங்களூர்க்காரர்கள். வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் கோபமும் கொஞ்சலும் கன்னடத்தில் வரும். ஆறு வருடமாக ஞாயிறு தவறாமல் ஒரு டிபன் டப்பாவில் குழம்போ பொரியலோ எனக்குக் கொடுத்தனுப்புகிறவர். இன்னொன்று, பட்டறையில் எனக்கு அடுத்த மேசையில் இருப்பவரும் அவர் மனைவியும். தருமபுரிக்காரர்கள், வந்து நான்கு வருடம் ஆகிறது; என் மூலம் அக்கா வீட்டுக்கும் பழக்கம். முப்பத்தைந்து வயதைத் தாண்டாதவர்கள். அவர்கள் வீட்டில் ஒன்பது முறை சாப்பிட்டிருக்கிறேன்.

அக்காவைத் திங்கட்கிழமை படிக்கட்டில் பார்த்துச் சொன்னேன்.

"உங்க வீட்லயா? யாருப்பா சமைக்கறது?"

"நான்தான் அக்கா."

"நீயா!" என்று சிரித்தார். "சும்னே எதுக்குப்பா உனக்கு தொந்தரவு? எங்க வீட்லயே போட்டுக்கலாம். நீ வந்து உக்காரு."

"இல்லக்கா. என் வீட்லதான்."

"ஆய்த்து, ஆய்த்து, வர்றோம். என்ன கொண்டு வரட்டும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

பட்டறையிலும் இதே கேள்வி, இதே பதில். "சார், நாங்க ஏதாச்சும்?" "ஒண்ணும் வேண்டாம்." ஊரில் எல்லோரும் 'ஒன்றும் வேண்டாம்' என்றுதான் சொல்கிறார்கள், யாரும் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை என்பது எனக்கும் தெரியும். கால் கிலோ இனிப்பு வரும், ஒரு சீப்பு வாழைப்பழம் வரும் என்று நானும் எதிர்பார்த்தேன். அதற்குத் தட்டுகூட எடுத்து வைத்திருந்தேன்.

என்ன சமைப்பது என்று ஒரு வாரம் யோசித்தேன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது தருமபுரிக்காரர், "ஊர விட்டு வந்ததுல இருந்து பிதுக்குப் பருப்பு கொழம்பு சாப்புடலைங்க சார். அதுக்கு யாருக்கு இங்க நேரம்" என்று சொல்லியிருந்தார். அக்காவும் ஒரு முறை, அம்மா காலத்தோடு போய்விட்டது என்று இதே குழம்பைக் கன்னடப் பெயரில் சொல்லியிருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் பிடித்தது, இரண்டு வீட்டிலும் யாரும் செய்யாதது. முடிவு செய்துவிட்டேன்.

செய்தவர்களுக்கு அதன் வேலை தெரியும். வெள்ளிக்கிழமை மாலை நான்கு கிலோ அவரைக்காய் வாங்கினேன். விரலில் நெய் மாதிரி ஒட்டி மணக்கும் நாட்டு அவரை. அன்றே உரித்து, கொட்டைகளை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தேன். சனிக்கிழமை ஒவ்வொரு கொட்டையாக எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்க, பருப்பு வழுக்கி வெளியே வரும். அதிகம் அழுத்தினால் பருப்பு சுவரில் போய் அடிக்கும். இரண்டு மணி ஐம்பது நிமிடம் பிதுக்கினேன். முடிந்தபோது வலது கட்டைவிரல் நகத்தடி சிவந்து எரிந்தது. ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நாளை இதை நான்கு பேர் என் மேசையில் சாப்பிடுவார்கள் என்ற நினைப்போடு செய்த வேலை அது. ஐம்பத்து மூன்று வயதில் முதல்முறையாக நான் ஒரு வீட்டுக்காரனாக நின்று நான்கு பேருக்குப் பரிமாறப்போகிறேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மணி அடித்தது 12.10க்கு. இருபது நிமிடம் முன்னதாக.

கதவைத் திறந்தேன். முன்னால் அக்கா, துண்டு சுற்றிய பெரிய பாத்திரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. பிசிபேளே பாத். பின்னால் அவர் கணவர், ஒரு தூக்கில் தயிர்சாதம். அவருக்குப் பின்னால் தருமபுரித் தம்பதி, ஆளுக்கு இரண்டு பை. சப்பாத்தி, குருமா, எலுமிச்சை சாதம், பிளாஸ்கில் ரசம். ஒரு டப்பா நிறையப் பொரித்த அப்பளம். ஒரு கட்டுக் காகிதத் தட்டு. கடைசியாக, ஆறு தண்ணீர் பாட்டில். தண்ணீர்! காக்ஸ் டவுனில் பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கிற ஒருவன் வீட்டில் குடிக்கத் தண்ணீர் இருக்காது என்று நினைத்திருக்கிறார்கள்.

"என்ன இதெல்லாம்?" என்றேன்.

"ஒண்ணுமில்லைங்க சார். குரூப்ல ஆளுக்குக் கொஞ்சம் பிரிச்சுக்கிட்டோம்."

"எந்த குரூப்?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு மறைக்கத் தெரியாமல் போனைக் காட்டினார். செவ்வாய்க்கிழமை தொடங்கிய குரூப். பெயர் 'சார் லஞ்ச்'. உறுப்பினர்கள் நான்கு பேர். சார் அதில் இல்லை. நடுவில் ஒரு வரி கண்ணில் பட்டது: 'பாவம் தனியா என்ன பண்ணுவாரு, ஓட்டல்ல வாங்கி வெப்பாரு, நாமளே எடுத்துட்டுப் போயிடலாம்.' அதன் கீழே மூன்று கட்டைவிரல்.

நான் போனைத் திருப்பிக் கொடுப்பதற்குள் சமையலறை கைமாறிவிட்டது.

"அண்ணா, நீங்க போயி ஹால்ல உக்காருங்க. நாங்க பாத்துக்கறோம்" என்றார் தருமபுரிக்காரரின் மனைவி.

"சமையல் ஆயிடுச்சும்மா. அப்பளம் மட்டும்தான் பாக்கி."

"அப்பளம் நான் கொண்டாந்திருக்கேன்ணா."

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த அடுப்பை அவர் அணைத்தார். அக்கா என் குழம்புப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னப்பா?"

"நான் செஞ்சது அக்கா. பிதுக்குப் பருப்பு."

"சரி சரி, இருக்கட்டும் பிடு, விட்டுடு. ராத்திரிக்கு உனக்கு ஆகும்" என்று மூடியைப் போட்டார். பிசிபேளே பாத்தைச் சுடவைக்க அடுப்பு வேண்டும். என் குழம்பு அடுப்பிலிருந்து இறங்கி வாஷிங் மெஷின் மேல் போய் உட்கார்ந்தது. சாதம் தரையில். பாயசத்தை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

என்னைக் கையைப் பிடித்து மேசைக்கு அழைத்து வந்து, என் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். துடைத்து அடுக்கியிருந்த ஐந்து எவர்சில்வர் தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் காகிதத் தட்டு போட்டார்கள். கழுவுகிற வேலை இல்லை பாருங்கள் என்றார்கள். என் வீட்டில், என் மேசையில், எனக்கே பரிமாறினார்கள். "கூச்சப்படாம சாப்பிடுங்கண்ணா" என்றும் சொன்னார்கள். நான் சாப்பிட்டேன். பிசிபேளே பாத் நன்றாகவே இருந்தது. அதை மறைப்பது நியாயமில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டால் எதையாவது எடுத்துப்போவது மரியாதை. பழம், பூ, ஒரு பாட்டில் ஊறுகாய், வீட்டில் செய்த ஒரு இனிப்பு. 'உங்கள் சாப்பாட்டோடு இதுவும் இருக்கட்டும்' என்று அதற்குப் பொருள். சோறு முதல் தண்ணீர் வரை கட்டி எடுத்துப்போனால், 'உங்கள் வீட்டில் சாப்பாடு இருக்காது' என்று பொருள். ஒரு பெண் இருக்கும் வீட்டுக்கு இப்படிப் போயிருப்பார்களா? போய், அவள் வைத்த குழம்பை இறக்கி வாஷிங் மெஷின் மேல் வைத்திருப்பார்களா? வைத்திருந்தால் அந்தப் பெண் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். ஊரே அவள் பக்கம் நிற்கும். எனக்குச் செய்ததற்கு மட்டும் பெயர் அன்பு.

ஒன்றேகாலுக்கு, எல்லோரும் தயிர்சாதத்தில் இருந்தபோது, நான் எழுந்துபோய் வாஷிங் மெஷின் மேலிருந்த பாத்திரத்தை எடுத்துவந்தேன். கரண்டியோடு ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்றேன்.

"சாக்குப்பா, எனக்குப் போதும்" என்று அக்கா தட்டின் மேல் கையை விரித்தார்.

"ஒரே ஸ்பூன்" என்றார் அவர் கணவர்.

தருமபுரிக்காரரும் ஒரு ஸ்பூன்தான் வாங்கினார். வாயில் வைத்தவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"சார்... எங்க ஊர்ல பண்ற மாதிரியே இருக்குதுங்க சார். எந்த கேட்டரிங்?"

"கேட்டரிங்ல இதெல்லாம் யாரு பிதுக்குவாங்க?" என்றார் அவர் மனைவி. "அண்ணா யாரோ ஒரு சமையல் அம்மாவ வெச்சிருக்காரு. நம்மகிட்ட சொல்லல."

"அம்மாவோ, யாரோ!" என்று அக்காவின் கணவர் கண்ணைச் சிமிட்டினார். "நமக்கெல்லாம் தெரியாம வந்து சமைச்சிட்டுப் போறாங்கப்பா!"

மேசை முழுக்கச் சிரிப்பு. அக்காவும் சிரித்தார்.

நான் கரண்டியை வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வராது, சனிக்கிழமை வண்டியைப் பிதுக்கும் வேலையில் விட்டுவிட்டேன். பச்சை பக்கெட் நிறைந்திருந்தது. கீழே உரித்த காயின் தோடு, மேலே பிதுக்கிய தோல், ஈரம் காயாமல். அதைத் தூக்கிவந்து, குருமாவுக்கும் எலுமிச்சை சாதத்துக்கும் நடுவில், மேசை மேல் வைத்தேன்.

"இதுதான் அந்தச் சமையல் அம்மா" என்றேன். "ஒண்ணொண்ணா நான் பிதுக்கினது. நேத்து ரெண்டு மணி அம்பது நிமிஷம். இந்த விரலைப் பாருங்க."

யாரும் விரலைப் பார்க்கவில்லை. பக்கெட்டைத்தான் பார்த்தார்கள்.

அக்காதான் முதலில் பேசினார். "அதுக்குன்னு குப்பைய சாப்பாட்டு மேசையில வைப்பியாப்பா?"

அதில் நியாயம் உண்டு. பக்கெட்டைக் கீழே இறக்கினேன். ஆனால் நிறுத்த முடியவில்லை. "அக்கா, உங்க வீட்டுக்கு எத்தனை தடவை சாப்பிட வந்திருப்பேன்? ஒரு நாளாவது சோறு கட்டிக்கிட்டு வந்திருக்கேனா?"

"நீ எப்படிப்பா கொண்டு வருவே? ஆம்பளை ஆளு, ஒண்டியா..."

"பன்னெண்டு வருஷமா சமைக்கறேன் அக்கா. தினமும். ரெண்டு வேளை."

தருமபுரிக்காரர் மெதுவாக, "அப்ப பட்டறைக்கு டெய்லி நீங்க எடுத்தாற டிபன், மெஸ் சாப்பாடு இல்லீங்களா சார்?" என்றார்.

"இல்ல."

அக்காவின் முகம் மாறியது. சிரிப்பு போன இடத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வேறு ஏதோ வந்தது. "அப்போ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் குடுத்தது?"

"சாப்பிட்டேன் அக்கா. எல்லாம் சாப்பிட்டேன்."

"அன்னைக்கு நீ பண்ணினது?"

"பிரிட்ஜ்ல வெச்சு மறுநாள்."

"ஆறு வருஷம். உனக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சு, முட்டிவலியோட நின்னு பண்ணியிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

கொடுப்பவரிடம் 'எனக்கு இருக்கிறது' என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தேன். டப்பாவைத் திறக்கும்போது இருந்த மகிழ்ச்சியையும் விட மனமில்லை. இவர்கள் நினைத்ததற்கு நானும் இடம் கொடுத்திருக்கிறேன். அதற்காக என் கோபம் பாதி குறைந்தது என்று எழுதினால் பொய். கால் பங்கு குறைந்தது. எதிரில் நிற்பவனிடம் நேராக ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்னைத் தவிர்த்து ஒரு குரூப் தொடங்கத் தோன்றியிருக்கிறது.

தருமபுரிக்காரர் தயிர்சாதத்தின் மேலேயே இன்னும் ஒரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வியர்த்துக்கொண்டு சாப்பிட்டார். வயிற்றில் இடமில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. பாதியில் தோற்றுப்போய், "பார்சல் பண்ணிக் குடுங்க சார். ராத்திரி களி கிண்டி இதை ஊத்திச் சாப்பிடறோம்" என்றார்.

"மாட்டேன்."

"சார்?"

"பார்சல் குடுக்க இது ஓட்டல் இல்ல. இங்க உக்காந்து சாப்பிடறதுக்காகப் பண்ணினது."

சின்னத்தனமாகத்தான் இருந்தது. தெரிந்தே சொன்னேன். இரண்டு பத்துக்கு அவரவர் பாத்திரத்தை அவரவர் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். தண்ணீர் பாட்டில்களையும் எடுத்துப்போகச் சொன்னேன். தருமபுரிக்காரரின் மனைவி "வர்றோம்ணா" என்றார். அக்கா எதிரில் இருக்கும் தன் கதவைத் திறந்து உள்ளே போனார். நான்கு எட்டு தூரம்தான். நெடுநேரம் நடந்தது மாதிரி இருந்தது.

பிற்பகல் முழுக்கப் பாத்திரம் கழுவினேன். அழுக்கானவை என் பாத்திரங்கள் மட்டும்தான். ஆறரைக்குச் சாதத்தைச் சுடவைத்து, குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது. தேங்காய் ஒரு கைப்பிடி குறைத்திருக்கலாம். பருப்பு ஒன்றுகூட உடையவில்லை. இவ்வளவு நன்றாக வந்திருக்கிறதே என்று பார்க்கப் பார்க்க எரிச்சல் கூடியது.

ஏழு மணிக்குத் தருமபுரிக்காரர் போன் செய்தார்.

"சார், இன்னும் கோவமாங்க?"

"ஆமா."

"நாங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் சார் செஞ்சோம்."

"தெரியும். கெட்டதுன்னு நெனச்சு செஞ்சிருந்தா அப்பவே திட்டி அனுப்பியிருப்பேன்."

"நாளைக்கு மத்தியானம் உங்க டிபன்ல கொஞ்சம் அந்தக் கொழம்பு எடுத்தாறீங்களா சார்?" என்றார். யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவர் கேட்டதே பெரிய விஷயம் என்று வைத்த பிறகு தோன்றியது. நான்கு வருடத்தில் என் டிபனிலிருந்து அவர் எதையும் கேட்டதில்லை. மெஸ் சாப்பாட்டை யார் கேட்பார்கள்?

ஆனால் ஒரு டிபன் டப்பாவால் இது தீராது. நான் நான்கு பேரை வீட்டுக்கு அழைத்தேன், நான்கு பேரும் சாப்பிட்டது என் சாப்பாடு இல்லை. கணக்கு அங்கேயேதான் நின்றது. எட்டரைக்கு நாட்குறிப்பை மூடினேன்.

டிசம்பர் 16, திங்கட்கிழமை. 5.40க்கு எழுந்து, முகம் கழுவியவுடன், வேறு எதுவும் செய்வதற்கு முன் கதவைத் திறந்துகொண்டு போனேன். அக்கா அவர் வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அக்கா, அடுத்த ஞாயித்துக்கிழமை பன்னெண்டரைக்கு என் வீட்ல சாப்பாடு. நீங்களும் சாரும் வரணும். கையில ஒண்ணும் இருக்கக் கூடாது."

அவர் இழுத்த கோட்டை முடித்தார். அடுத்ததையும் இழுத்தார்.

"ஒரு பாட்டில் ஊறுகாய் கூடவா?"

"ஊறுகாயும் கூடாது."

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். முகம் நேற்றுக் கிளம்பியபோது இருந்தபடியே இருந்தது. "பன்னெண்டரையெல்லாம் ஆகாது. இவருக்கு மாத்திரை இருக்கு, பன்னெண்டுக்கே இலை போட்டாகணும். காரம் ஜாஸ்தி போடாதே. நேத்து அந்த ஒரு ஸ்பூனுக்கே ராத்திரி பூரா தண்ணி குடிச்சாரு."

"சரிக்கா" என்றேன். "பன்னெண்டு."